திறந்த வானமும் மட்டக்களப்பு ஓடுபாதையும்

வரைபடத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தால் மட்டக்களப்பிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீற்றர். திருச்சி இன்னும் கிட்ட, 470 அளவில் வரும். எழுபது பேர் ஏறுகிற சிறிய விசிறி விமானத்துக்கு இது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிகிற ஓட்டம். ஆனால் இங்கிருந்து திருச்சிக்குப் போகிற ஒருவர் வடக்கே கிளம்புவதில்லை. மேற்கே கிளம்புகிறார். வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று இரவு முழுக்க ஓடி, விடியற்காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறார். தரையில் ஏழெட்டு மணித்தியாலம் கழித்த பிறகுதான் அந்த ஒரு மணி நேரப் பறப்பு. அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்களுக்கு இன்னும் கூட.

இந்தியாவும் இலங்கையும் வானத்தைத் திறந்துவிட்டன என்று பத்திரிகையில் பல தடவை வந்திருக்கிறது. அப்படியென்றால் நமக்கு ஏன் பிளேன் இல்லை? தேநீர்க்கடையில் இந்தக் கேள்வி வந்தால் பதில் பெரும்பாலும் அரசியலில் போய் முடியும். அரசியலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பதில் அதைவிடக் கொஞ்சம் சுற்றுவழியானது. (எங்கள் ஊரில் வான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கட்டுநாயக்காவுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஹையேஸ் வாகனந்தான். அதனால் இந்தக் கட்டுரையில் வானம் என்றே எழுதுகிறேன்.)

வானத்துக்குப் பூட்டு போட்டது 1944. அந்த ஆண்டு டிசம்பர் 7 இல் சிக்காகோவில் 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் முதலாம் உறுப்புரை, ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வானம் முழுவதும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்கிறது. ஆறாம் உறுப்புரை, அட்டவணைப்படி ஓடும் விமானம் எதுவும் அனுமதியில்லாமல் இன்னொரு நாட்டுக்குள் வரக்கூடாது என்கிறது. கப்பல்களுக்குக் கடல் பொது, விமானங்களுக்கு வானம் பொது இல்லை. அன்றைக்கே அமெரிக்கா எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்றது. போரில் களைத்திருந்த பிரித்தானியா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், யாருக்கு எந்த அனுமதி என்பதை இரண்டிரண்டு நாடுகளாக உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும் என்று விட்டார்கள். 1946 இல் பெர்முடாவில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் மற்றவர்களுக்கு மாதிரியாயிற்று. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கும் இருதரப்பு வான்சேவை ஒப்பந்தங்கள் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

இப்படியான ஒப்பந்தத்தில் என்ன இருக்கும் என்பதை எங்கள் தனியார் பஸ்காரரிடம் கேட்டால் அரை நிமிடத்தில் விளங்கப்படுத்துவார். பஸ் சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது, பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் பாதை இருக்கும், நேரம் இருக்கும், எத்தனை ஓட்டம் என்று இருக்கும், கட்டணமும் அதிகாரிகள் சொன்னபடி. கல்முனை – கொழும்பு பெர்மிட்டை வைத்துக்கொண்டு திருகோணமலைக்கு ஆள் ஏற்ற முடியாது. வான்சேவை ஒப்பந்தமும் அப்படித்தான். எந்தெந்த நிறுவனம், எந்தெந்த ஊர், வாரத்துக்கு எத்தனை இருக்கை. பழைய ஒப்பந்தங்களில் கட்டணத்துக்குக்கூட இரண்டு அரசுகளும் தலையாட்ட வேண்டும். இந்தியாவுக்கும் டுபாய்க்கும் இடையே வாரத்துக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 66,000 இருக்கை என்றொரு வரம்பு இருக்கிறது. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் பயணிகள் அதைவிடப் பெருகிய பிறகு, ரிக்கெட் விலையை ஏற்றிவைத்திருப்பதில் அந்த வரம்புக்கும் பங்கு வந்துவிட்டது.

பெர்மிட்டில் இன்னொரு வரியும் இருக்கும்: நிறுவனத்தின் பெரும்பங்கும் கட்டுப்பாடும் அந்த நாட்டவர் கையிலேயே இருக்க வேண்டும். மலேசியாவில் வளர்ந்த எயார் ஏசியா தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் ஏன் உள்ளூர்ப் பங்காளிகளோடு தனித்தனிக் கம்பனி தொடங்கியது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த வரிதான் காரணம்.

அனுமதிகளைச் சுதந்திரங்கள் என்று எண் போட்டுச் சொல்வது துறையின் வழக்கம். முதலாவது, இறங்காமல் மேலாகப் பறந்து போவது. இரண்டாவது, எண்ணெய் நிரப்பவோ பழுது பார்க்கவோ மட்டும் இறங்குவது. மூன்றாவதும் நான்காவதும் சோடி: இலங்கை விமானம் கொழும்பில் ஏற்றிச் சென்னையில் இறக்குவது, அங்கே ஏற்றி இங்கே கொண்டுவருவது. ஐந்தாவதில்தான் நாடுகள் முகத்தைச் சுளிக்கத் தொடங்கும். ஒரு காலத்தில் எமிரேட்ஸ் விமானம் டுபாயிலிருந்து கொழும்பு வந்து, இங்கேயும் ஆள் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போனதே, அது ஐந்தாவது. ஆறாவது எங்கள் வீடுகளுக்குப் பழக்கமானது. கொழும்பில் ஏறி, டோஹாவில் இறங்கி மாறி, லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போவது. வளைகுடா நிறுவனங்கள் இதை வைத்துத்தான் பெருத்தன. ஏழாவது, மலேசிய நிறுவனம் ஒன்று தன் ஊரைத் தொடாமலே சென்னைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓட்டுவது போன்றது. எட்டாவதும் ஒன்பதாவதும் அடுத்த நாட்டுக்குள்ளேயே உள்ளூர்ச் சவாரி ஏற்றுவது. சென்னையிலிருந்து வந்த விமானம் கொழும்பில் புதிதாக ஆள் ஏற்றி மட்டக்களப்பில் இறக்கினால் அது எட்டாவது. அதைக் கொடுக்கிற நாடுகள் மிகக் குறைவு.

சரி, அண்டை நாடுகள் கூட்டாக உட்கார்ந்து இந்தப் பெர்மிட் முறையையே தளர்த்தினால் என்ன ஆகும்? முழுதாகச் செய்து காட்டியது ஐரோப்பா. 1987, 1990, 1992 என்று மூன்று கட்டமாகச் சட்டம் போட்டார்கள். மூன்றாவது கட்டம் 1993 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 1997 ஏப்ரலிலிருந்து ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டின் உள்ளூர்ப் பாதையிலேயே ஓடலாம் என்றானது. ஆனால் எனக்குப் பிடித்த கதை அதற்கும் முந்தியது.

அயர்லாந்தின் தென்கிழக்கில் வாட்டர்ஃபோர்ட் என்றொரு சின்ன நகரம். 1985 ஜூலையில் அங்கிருந்து லண்டன் கட்விக்குக்குப் பதினைந்து பேர் ஏறுகிற ஒரு குட்டி விமானம் ஓடத் தொடங்கியது. அதுதான் ரயன்எயாரின் முதல் பாதை. அடுத்த ஆண்டு பிரித்தானியாவும் அயர்லாந்தும் தங்களுக்குள் இருந்த ஒப்பந்தத்தைத் தளர்த்தவும், அதே நிறுவனம் டப்ளின் – லண்டன் பாதையில் இறங்கியது. இரண்டு தேசிய நிறுவனங்கள் பங்குபோட்டு வைத்திருந்த பாதை அது. அவர்களுடைய கட்டணத்தில் பாதி அளவுக்கு ரிக்கெட் விற்றார்கள். கப்பலில் போய்க்கொண்டிருந்த தொழிலாளிகள் பிளேனில் ஏறத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் மிச்சத்தையும் சொல்கிறேன். ரயன்எயார் பெரிய ஜெட்களுக்கு மாறியது, பெரிய ஊர்களுக்கு நகர்ந்தது. வாட்டர்ஃபோர்ட்டின் ஓடுபாதை அந்த ஜெட்களுக்குப் போதவில்லை. வேறு சின்ன நிறுவனங்கள் வந்தன, போயின. 2016 நடுப்பகுதியோடு அங்கே அட்டவணைச் சேவையே நின்றுவிட்டது. திறந்த சந்தையில் விருப்பமானவர் வரலாம், விருப்பமில்லாதவர் போகலாம். இரண்டும் ஒரே சட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் வேறு விதமாகப் போனது, எங்களுக்கு அதில் படிக்க நிறைய உண்டு. 2009 இன் பலதரப்பு ஒப்பந்தத்தோடு சேர்ந்த நெறிமுறைகளைப் பார்த்தால், தலைநகரங்களை அவர்கள் கடைசியில்தான் வைத்திருக்கிறார்கள். முதலில் அண்டை அண்டையாக இருக்கும் துணைப் பிராந்தியங்கள். புரூணை, கிழக்கு மலேசியா, இந்தோனேசியாவின் சில பகுதிகள், தென் பிலிப்பைன்ஸ் சேர்ந்து ஒன்று. சுமாத்திரா, வட மலேசியா, தென் தாய்லாந்து சேர்ந்து இன்னொன்று. இந்த வட்டத்துக்குள் இருக்கும் இரண்டாம்தர ஊர்களுக்கிடையே கட்டுப்பாடின்றிப் பறக்கலாம், ஐந்தாவது சுதந்திரமும் உண்டு. பிறகு வட்டத்துக்கு வட்டம். அதன் பிறகே தலைநகருக்குத் தலைநகர். 2010 இன் அடுத்த ஒப்பந்தம் மற்ற ஊர்களையும் சேர்த்தது. தேசிய நிறுவனங்கள் பயப்படுவது தலைநகரப் பாதைகளைப் பற்றித்தான், காசு அங்கேதான் இருக்கிறது. ஓரத்து ஊர்களைத் திறப்பதில் யாருக்கும் பெரிய வயிற்றெரிச்சல் வராது. அந்த மனநிலையைத் தெரிந்து போட்ட ஒழுங்கு அது.

அங்கேயும் எல்லாம் இனிக்கவில்லை. இந்தோனேசியா ஜகார்த்தா, மேடான், பாலி, சுரபாயா, மக்காசர் என்று ஐந்து ஊர்களை மட்டும் திறந்தது. பிலிப்பைன்ஸ் மணிலாவைச் சேர்க்க 2016 வரை இழுத்தடித்தது. ஏழாவது சுதந்திரம் இன்னும் இல்லை. ஆனாலும் கோலாலம்பூர் – சிங்கப்பூர் பாதையைப் பாருங்கள். 1972 இல் மலேசிய, சிங்கப்பூர் நிறுவனங்கள் தனித்தனியாகப் பிரிந்த பிறகு அந்தக் குட்டித் தூரத்தை அவை இரண்டும் தங்களுக்கென்றே வைத்திருந்தன. 2008 இல் மலிவுவிலை நிறுவனங்களை விட்டார்கள். இன்று உலகிலேயே மிக நெரிசலான சர்வதேசப் பாதைகளில் அது ஒன்று.

எங்கள் பிராந்தியத்தில், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985 இல் தொடங்கியது. பிராந்திய வான்சேவை ஒப்பந்தம் என்று ஒன்றை இதுவரை பெறவில்லை. 2014 இல் காத்மண்டுவில் நடந்த உச்சிமாநாட்டில் வாகன, ரயில் ஒப்பந்தங்களே பாகிஸ்தானின் தயக்கத்தால் கையெழுத்தாகவில்லை. அதற்குப் பிறகு உச்சிமாநாடே நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுக்கொன்று வானத்தை மூடின. முதலாவது சுதந்திரத்தையே, இறங்காமல் மேலாகப் போவதையே, திருப்பி எடுத்துக்கொண்ட வீட்டில் ஐந்தாவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வங்காள விரிகுடாவைச் சுற்றிய பிம்ஸ்டெக்கில் பாகிஸ்தான் இல்லை. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மியன்மார், தாய்லாந்து, நேபாளம், பூட்டான் என்று ஏழு நாடுகள். 2022 கொழும்பு உச்சிமாநாட்டில் போக்குவரத்து இணைப்புக்கென ஒரு பெருந்திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். 2025 பாங்கொக்கில் கடல் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. வானத்துக்கு இன்னும் முறை வரவில்லை.

ஆனால் இலங்கை – இந்தியா விடயத்தில் கூட்டமைப்பைக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. இந்தியாவின் 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கை, சார்க் நாடுகளோடும் டில்லியிலிருந்து 5,000 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள நாடுகளோடும் பரஸ்பர அடிப்படையில் திறந்த வானம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் பஹாமாஸில் நடந்த பேச்சுவார்த்தையில் இலங்கையோடும் உடன்பாடு வந்தது. டில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய ஆறு பெருநகரங்களுக்கு எத்தனை விமானமும் விடலாம். ஆகவே சென்னைக்கும் மட்டக்களப்புக்கும் குறுக்கே நிற்பது இருக்கை எண்ணிக்கை இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்: எங்கள் விடயத்தில் வானத்தின் பூட்டு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. மாட்டிக்கொண்டிருப்பது தரையில்.

வாவி சூழ்ந்த திமிலைத்தீவுப் பக்கம் இருக்கும் எங்கள் விமானத்தளம் 1958 இல் வந்தது. 1983 இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. 2018 மார்ச்சில் மறுபடியும் சிவில் விமானங்களுக்குத் திறந்தார்கள். கொழும்பிலிருந்து சினமன் எயாரின் சின்ன செஸ்னா வந்துபோனது. பார்க்க அழகாக இருக்கும், எங்களில் எத்தனை பேர் அதில் ஏறினோம் என்பது வேறு கதை. வெளிநாட்டு விமானம் தொடர்ந்து வர வேண்டுமென்றால் வேறு பட்டியல் வேண்டும். ஓடுபாதை போதுமான நீளமும் பலமும் கொண்டிருக்க வேண்டும், தீயணைப்பு விமானத்தின் அளவுக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும், எரிபொருள் வேண்டும், குடிவரவு, சுங்கம், சுகாதாரம், தனிமைப்படுத்தல் எல்லாவற்றுக்கும் ஆட்கள் வேண்டும். வாரத்தில் மூன்று விமானம் வந்தாலும் இவர்கள் ஏழு நாளும் சம்பளத்தில் இருப்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதைவிட இது செலவான வேலை.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளத்தைப் பாருங்கள். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். அப்படியான வழித்தடம் போரில் அற்றுப்போய், 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று மறுபடி திறக்கப்பட்டது. இந்திய அரசின் அலையன்ஸ் எயார், எழுபது பேர் ஏறுகிற விசிறி விமானமான ஏ.டி.ஆர். இல் சென்னையிலிருந்து வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தியது. திரும்பத் தொடங்க 2022 டிசம்பர் ஆயிற்று. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சேர்ந்தது, 2025 மார்ச்சில் திருச்சியும் வந்தது. ஐந்தரை ஆண்டு. அந்த ஓடுபாதை குட்டை என்பதால் ஜெட் இல்லை, ஏ.டி.ஆர். மட்டுமே. ஆனாலும் யாழ்ப்பாணத்து ஆள் சென்னைக்குப் போகக் கட்டுநாயக்கா போக வேண்டியதில்லை என்றாகிவிட்டது. பொறாமையாக இல்லை என்று சொன்னால் பொய்.

இதற்கு எதிர்மாறான கதை தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கும் மத்தள விமான நிலையம். 2013 மார்ச்சில் திறந்தார்கள். எந்தப் பெரிய ஜெட்டும் இறங்கக்கூடிய 3,500 மீற்றர் ஓடுபாதை. பயணிதான் இல்லை. ஓடுபாதை தேவை, ஆனால் அது ஆளை உண்டாக்காது.

எங்களிடம் ஆள் இருக்கிறதா? 2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பும் அம்பாறையும் சேர்ந்து ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். போகிறவர்களைப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் சிக்கல். மிக அதிகமாகப் பறப்பது கட்டார், சவூதி, குவைத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். அப்புறம் உம்றாவுக்குப் போகிறவர்கள். ஏ.டி.ஆர். அவ்வளவு தூரம் போகாது. அவர்களைச் சென்னையிலோ திருச்சியிலோ இறக்கி, இந்திய நிறுவனத்தின் வளைகுடா விமானத்தில் மாற்றிவிடலாம். அதுதான் ஆறாவது சுதந்திரம். அங்கேதான் கொழும்பு யோசிக்கும். ஏற்கெனவே நட்டத்தில் ஓடுகிற அரச நிறுவனத்தின் பயணியை மட்டக்களப்பிலேயே தட்டிக்கொண்டு போக எந்த அமைச்சு மனமுவந்து வழிவிடும்? எழுதிவைத்த தடை ஒன்றும் தேவையில்லை. கோப்பு மெதுவாக நகர்ந்தாலே போதும்.

மற்றவர்கள் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் படிப்புக்கும் இந்தியா போகிறவர்கள், புடவைக் கடைக்காரர்கள். இவர்களுக்கு எழுபது இருக்கை விமானம் சரியான அளவு. ஆனால் அது வாரத்தில் மூன்று நாள் இரண்டு பக்கமும் முக்கால்வாசி நிரம்ப வேண்டும். முதல் ஒரு வருடம் நிரம்பாது, எந்தப் புதுப் பாதையும் நிரம்பாது. அந்த வெற்று இருக்கைக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் விடை தெரியாத கேள்வி. இந்தியா தன் நாட்டுக்குள் உடான் திட்டத்தில் அதற்கு அரசுப் பணம் கொடுக்கிறது. அசாம் மாநிலம் குவாஹாத்தியிலிருந்து டாக்காவுக்கும் பாங்கொக்குக்கும் விமானம் வரவைக்கத் தன் பணத்தையே போட்டது. ஐரோப்பாவிலும் ஆளில்லாத ஓரப் பாதைகளுக்கு அரசு ஏலம் வைத்து உதவுகிறது. வானத்தை முழுதாகத் திறந்தவர்களே இதைச் செய்கிறார்கள்.

ஆகவே பிராந்திய ஒப்பந்தம் ஒன்று வந்தால் நான் முதலில் தேடுவது முன்னுரையில் உள்ள நட்புறவு வாசகங்களை அல்ல, பின்னிணைப்பில் உள்ள ஊர்ப் பட்டியலை. ஆசியான் போல, பாக்குநீரிணைக்கு இருபுறமும் உள்ள இரண்டாம்தர ஊர்களை ஒரு வட்டமாக்கி, திருச்சி, மதுரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று எழுதி, அதற்குள் எந்த நிறுவனமும் எந்த எண்ணிக்கையிலும் ஓடலாம் என்று விட்டால், ஒரே விமானம் திருச்சியில் கிளம்பி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இறங்கிப் போகலாம். தனித்தனியாக நிரப்ப முடியாத இரண்டு ஊர் சேர்ந்து ஒன்றை நிரப்பும். இதற்கு ஏழு நாடுகள் ஒரு மேசைக்கு வர வேண்டியதில்லை. இரண்டு போதும்.

அதுவும் வரும்வரை ஒரு சின்ன வழி இருக்கிறது. சிக்காகோ உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரை கட்டுவது அட்டவணை விமானங்களைத்தான். ஒரு தடவை வந்துபோகிற வாடகை விமானங்கள், சார்ட்டர் என்பவை, ஐந்தாம் உறுப்புரைக்குள் வருகின்றன. அவற்றுக்கு இருக்கை ஒதுக்கீட்டுப் பேச்சுவார்த்தை தேவையில்லை, சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி போதும். எங்கள் பருவமும் அதற்கு ஒத்துவருகிறது. மேற்குக் கரையில் மழையும் கொந்தளிப்புமாக இருக்கிற மே தொடக்கம் செப்டெம்பர் வரை பாசிக்குடாவில் கடல் குளம்போல் கிடக்கும், அறுகம்பையில் அலைச்சறுக்குக்கு ஆட்கள் குவிவார்கள். மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் ஆடி அமாவாசையில். வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் ஊர் வருவதும் அதே மாதங்களில். அந்த மாதங்களில் ஒரு பத்து வாரத்துக்குக் கிழமைக்கு ஒன்றாகச் சென்னையிலிருந்து ஓர் ஏ.டி.ஆர். வாடகைக்கு எடுத்து, குடிவரவு, சுங்க அதிகாரிகளை அந்த நாளுக்கு மட்டும் கொழும்பிலிருந்து வரவழைத்துப் பார்க்கலாம். எத்தனை இருக்கை நிரம்பியது என்ற கணக்கு ஒன்றாவது கையில் இருக்கும். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகட்டும்.